முன்பல்லில் ஏறிய ஈறு

மார்ச் 4
மேல் முன்பல்லில் இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) வைத்துச் சில வருடங்களான ஒருவர் வந்தார். பேசும்போதே கை உதட்டை மறைக்கப் போகிறது. ஈறு மேலே ஏறி, கிரவுன், அதாவது இம்ப்ளான்ட் மேல் மாட்டிய செயற்கைப் பல், பக்கத்துப் பல்லைவிட 2 மி.மீ. நீளமாகத் தெரிகிறது. விளிம்பில் சாம்பல் நிழல். சீழ், ரத்தக்கசிவு எதுவும் இல்லை. “அழுத்தித் துலக்கியதாலா டாக்டர்?” என்றார். அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் இம்ப்ளான்ட் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல்தான்.

மார்ச் 6
ஸ்கேன் பார்த்தேன். நினைத்தபடியே உதட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறது. முன்பற்களின் முன்பக்க எலும்பு பெரும்பாலும் 1 மி.மீ. கூட இருக்காது, பல்லை எடுத்ததும் அதுவும் கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் இம்ப்ளான்ட்டை அண்ணத்துப் பக்கம் ஒதுக்கி வைக்கச் சொல்வது. எலும்பு இல்லாத இடத்தில் ஈறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

மார்ச் 12
கிரவுனைக் கழற்றினேன். இதைச் செய்யாமல் சிகிச்சையை முடிவு செய்ய எனக்கு மனம் வராது. இம்ப்ளான்ட்டில் ஈறு ஏறுவதை இத்தாலியப் பல் மருத்துவர் சுக்கெல்லியின் குழு 2019-ல் நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. அவற்றில் மூன்றையும் நான்கையும் பிரிப்பதே இந்த ஒரு விஷயம்தான்: பக்கத்துப் பற்களின் வளைவை இணைக்கும் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா இம்ப்ளான்ட்டின் தலை, வெளியே இருக்கிறதா? உதட்டுப் பக்கம் தள்ளி இருந்தாலும் இவருக்குத் தலை கோட்டுக்கு உள்ளேதான். துருத்திக்கொண்டிருந்தது கிரவுன் மட்டும். இரு பக்கமும் ஈறின் முக்கோணங்கள் நல்ல உயரத்தில் இருக்கின்றன. தலை வெளியே இருந்து, அந்த முக்கோணங்களும் தேய்ந்திருந்தால், இம்ப்ளான்ட்டையே எடுத்துவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு இடத்திலிருந்து திசு எடுத்து எத்தனை ஒட்டு போட்டாலும் அங்கே நிற்காது.

ஏப்ரல் 2
அறுவை. கிரவுனை இம்ப்ளான்ட்டோடு இணைக்கும் அபட்மென்ட்டை இழைத்து மெலிதாக்கி, குட்டையான தற்காலிக கிரவுன். முன்கடைவாய்ப் பற்களுக்கு நேராக அண்ணத்திலிருந்து சுமார் 1.5 மி.மீ. தடிமனில் ஒட்டுக்கு ஒரு துண்டு எடுத்தேன். பின்னால் போகப் போக அண்ணத் தமனி, அங்கே கத்திக்கு வேலையில்லை. துண்டை வாய்க்கு வெளியே வைத்து மேல்தோலைச் சீவி, மஞ்சள் கொழுப்பையும் வழித்தெடுத்த பிறகு மிஞ்சியது வெளுத்த, உறுதியான திசு.

அதிக நேரம் பிடித்தது மடிப்பை, அதாவது ஒட்டை மூட அறுத்துப் பிரித்த ஈறை, தளர்த்துவதில். உதட்டை இழுத்துப் பார்த்தேன், மடிப்பு கூடவே வந்தது. தசை இழை இன்னும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி மேலோட்டமாக அறுத்துவிட்டேன். அடுத்த முறை உதடு அசைந்தது, மடிப்பு அசையவில்லை. அப்புறம்தான் தையல். இயல்பான பல்லென்றால் வேரைச் சுற்றிய தசைநாரிலிருந்தும் ரத்தம் வரும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. இழுத்துக் கட்டிய மடிப்பு இங்கே சீக்கிரம் விட்டுப்போகும்.

ஏப்ரல் 16
தையல் பிரித்தாச்சு. முன்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அண்ணம் எரிகிறது என்பதுதான் ஒரே புகார். வழக்கம்தான்.

ஜூலை 9
சாம்பல் நிழல் போய்விட்டது. ஈறு தடிமனானதும் உலோகம் தெரிவதில்லை. ஈறுக்கு வடிவம் கொடுக்க, தற்காலிக கிரவுனில் கொஞ்சம் ரெசின் (பல் நிறப் பிசின்) கூட்டினேன். அந்த அழுத்தத்தில் ஈறு வெளுத்தது, சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. திரும்பாவிட்டால் கூட்டியதைக் குறைத்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் இன்னும் அரை மி.மீ. வித்தியாசம். எனக்குக் கண்ணில் படுகிறது, அவருக்குப் படவில்லை. நிரந்தர கிரவுனுக்கு இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கம் உப்பலே கூடாது என்று லேப் சீட்டில் இப்போதே அடிக்கோடிட்டு எழுதி வைத்தாச்சு.