சித்திர சேரின் வெள்ளிக்கிழமைகள்

சித்திர சேர் காலமான செய்தி மாசியில் வந்தது. ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவித்தலில் 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவரிடம் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் நம்மில் கொஞ்சப் பேர்தான். ஆனால் மாதக் கடைசி வெள்ளிப் பின்னேரம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய மண்டபத்தில் அவர் ஆற்றிய பொது உரைகளைக் கேட்காதவர்கள் எழுபதுகளில் படித்தவர்களில் குறைவு. இந்த மலரில் அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

விடுதிப் பெடியளுக்கு அது கட்டாயம். மற்றவர்கள் தாமாக வந்தார்கள். அன்றைக்குக் கேற்றைப் பூட்ட சேர் விடமாட்டார். சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள்கூடச் சைக்கிளை வேம்பில் சாய்த்துவிட்டுப் பின் வாங்குகளில் வந்து இருப்பார்கள். ஒரு பின்னேரத்துக்கு ஒரேயொரு கலைப்பொருள், அதுதான் அவருடைய முறை. அதன் சிலைட்டுப் படத்தைச் சீலையில் விழுத்திவிட்டுக் கன நேரம் பேசாமல் நிற்பார். நாங்கள் பார்த்து முடித்தோம் என்று அவருக்குப் பட்ட பிறகுதான் வாய் திறப்பார்.

பொலன்னறுவைச் சுந்தரரை அப்படித்தான் பார்த்தோம். 1907-08 இல் தொல்லியல் ஆணையாளர் பெல் தலைமையில் அங்கே சிவ தேவாலயத்தைத் தோண்டியபோது கிடைத்த வெண்கலங்களில் ஒன்று. கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1914 இல் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி இலங்கை வெண்கலங்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். இதெல்லாம் சேர் பிறகு சொன்னவை. முதலில் கேட்டது, "இந்தப் பெடியன் ஏன் இவ்வளவு நகை போட்டிருக்கிறான்?" என்றுதான். தேவாரம் படித்த நாங்கள் ஆளையாள் பார்த்தோம். கல்யாண மாப்பிள்ளை! மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டித் தடுத்த அந்த நாள். 'பித்தா பிறைசூடி' பாடுவதற்குச் சற்று முந்திய முகம் அது. கண் விரிந்திருக்கிறது, மடங்கிய கைகள் முன்னே வந்திருக்கின்றன. நாங்கள் பாடமாக்கி ஒப்புவித்த பதிகத்துக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் சேர் செய்ததை என்னால் மறக்க முடியாது. முன் வரிசையில் பெரிய மனிதர்கள் இருக்க, பின் வாங்கில் இருந்த நகைப் பத்தர் ஒருவரை, "ஐயா, இதை வார்க்கிற விதத்தை நீங்கள் சொல்லுங்கோ" என்று மேடைக்கு அழைத்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி ஏறினார். முதலில் மெழுகில் முழு உருவம், அதன்மேல் மெல்லிய மண், பிறகு தடித்த மண். சூடு காட்ட மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். "அச்சு உடைஞ்சு போகும் தம்பிமார், அதனாலை இதே மாதிரி இன்னொண்டு வராது" என்றார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. கலை வரலாறு யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு ஒருவரும் காட்டியதில்லை.

அந்தச் சிலைட்டுகளில் பெரும்பாலானவை யாழ்ப்பாணப் பொது நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து அவரே படமெடுத்தவை. 1981 யூன் தொடக்கத்தில் அந்த நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது அங்கே 97,000 அளவிலான நூல்கள் எரிந்து போயின. அடுத்த மாதமும் சேர் உரையை நிறுத்தவில்லை. புத்தகம் போய்விட்டது, பக்கத்தின் படம் அவருடைய தகரப் பெட்டியில் மிஞ்சியிருந்தது. அன்று வழமையைவிடக் கூட்டம்.

நான் 84 இல் வெளிக்கிட்டேன். இலண்டனில் கிறஷம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்கு இலவசமாக உரைகள் நடத்துகிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, இது எங்களுடையதும்தான் என்ற உரிமை உணர்வுதான் வந்தது. அங்கே போய் நிறையக் கேட்டிருக்கிறேன், நல்ல உரைகள். பிரித்தானிய நூதனசாலையில் பௌத்தத் தேவி தாராவின் முன்னும் நின்றிருக்கிறேன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்து, ஆளுநர் பிறவுண்றிக் கொண்டுவந்து 1830 இல் கொடுத்த 143 சென்ரிமீற்றர் உயரச் சிலை. சேர் அவளைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர். அவர் காணாததை நான் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். அந்த நினைப்பு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிறது. சேருக்குப் பிறகு அந்த மேடையில் பேசியிருக்க வேண்டியவர்கள் எங்கள் வகுப்பில்தான் இருந்தோம். நாடு இருந்த நிலையில் ஒவ்வொருவராகப் புறப்பட்டுவிட்டோம்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் அவர் பெயரில் நினைவுப் பேருரை ஒன்று தொடங்க யோசிக்கிறது. இராப்போசனத்தோடு, ரிக்கற் போட்டு, இங்கே ஒரு ஹோலில் என்று கதை அடிபடுகிறது. தயவுசெய்து வேண்டாம். அதை எங்கள் பெரிய மண்டபத்தில், கேற்றைத் திறந்துவிட்டு, காசு வாங்காமல் வையுங்கள். பேச வருகிறவர் ஒரு பொருளை மட்டும் காட்டட்டும். ஊரில் வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு முன் வரிசையில் இடம் கொடுங்கள். செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். முதல் உரைக்குச் சுந்தரரை எடுங்கள்.