அசிட்டுக்கு அசையாத ரெஜிபோம் தோடம்பழத் தோலுக்குக் கரைவது ஏன்?

கல்லடிப் பக்கம் மணவறை அலங்காரம் செய்கிற தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணன், கக்கூஸ் கழுவுற அசிட்டை ஊத்தினாலும் ரெஜிபோமுக்கு ஒண்டும் ஆகல்ல, தங்கக் கலர் ஸ்பிரே அடிச்ச உடன குழி குழியாப் போகுது, ஏன்?" நல்ல கேள்வி. கையைப் பொத்துப்போக வைக்கிற சாமான்தான் பிளாஸ்டிக்கையும் தின்னும் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிளாஸ்டிக்கின் கணக்கு வேறு.

ரெஜிபோம் என்பது பொலிஸ்டைரீன். யோகட் கப்பும், உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கிற சிடி உறையும் அதே குடும்பம். ஒரு நீளமான காபன் சங்கிலி, அதில் ஒன்றுவிட்டு ஒரு காபனில் ஒரு பென்சீன் வளையம் தொங்கும், அவ்வளவுதான். தண்ணீரோ, ஐதான அமிலமோ, காரமோ வந்து வெட்டக்கூடிய பிணைப்பு அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. அதனால் உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், வினாகிரி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. வாழைச்சேனையிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற பெட்டி அந்த உப்பிலும் ஈரத்திலும் கிடந்து தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருப்பது மெல்லிய ஈர்ப்பில்தான். ஒழுங்காக அடுக்கிய பளிங்குப் பகுதிகள் கிடையாது, பிழிந்து வைத்த இடியாப்பம்போல ஒரே சிக்கல். தன்னைப் போன்ற ஒரு திரவம் வந்தால் அந்தச் சிக்கலுக்குள் நுழைந்து இழைகளைப் பிரித்துவிடும். இதை அளக்க வேதியியலில் கரைதிறன் எண் என்று ஒன்று உண்டு. பொலிஸ்டைரீனுக்கு அது ஏறத்தாழ 18.5. தின்னரிலும் ஸ்பிரே பெயின்ட்டிலும் வருகிற தொலுயீனுக்கு 18.2, அசிற்றோனுக்கு 20, எதனோலுக்கு 26, தண்ணீருக்கு 48. எண் கிட்டக் கிட்ட வந்தால் கரையும், தள்ளிப்போனால் கரையாது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சட்டம் இல்லை என்றாலும், ஸ்பிரே டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று விளங்க இது போதும். அதோடு ரெஜிபோமில் 98 வீதம் காற்று. சுவர் கொஞ்சம் கரைந்தாலே காற்று போய்விடும், ஒரு பெரிய பெட்டி உள்ளங்கையளவு பிசினாகச் சுருங்கிவிடும். அது உருகவில்லை, கரைகிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தோடம்பழத் தோலைப் பிழிந்தால் தெறிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அதுவும் பொலிஸ்டைரீனைக் கரைக்கும். ஜப்பானில் சோனி நிறுவனம் இதை வைத்தே கழிவு ரெஜிபோமைக் கரைத்து மீட்கிற முறை ஒன்றை உருவாக்கியது. கையைக் கழுவுகிற திரவத்துக்கு வாசம் சேர்க்கிற சாமான் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது, அசிட்டால் முடியவில்லை!

உண்மையில் ஆபத்தானது கரைவது அல்ல, அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணெய்தான் கள்ளன். தேங்காயெண்ணெய், பட்டர், பொரித்த மீனின் கொழுப்பு எதுவும் பொலிஸ்டைரீனைக் கரைக்காது, ஆனால் வார்த்தபோதே உள்ளே நின்றுபோன இழுவிசை உள்ள மூலைகளில் மெதுவாக ஊறி, மயிரிழை வெடிப்புகளைத் திறந்துவிடும். ஃபிரிட்ஜின் உட்சுவரும் கதவுத் தட்டும் யாரும் தட்டாமலே ஒரு நாள் வெடித்துக்கிடக்க இதுவும் ஒரு காரணம், வீட்டில் பழி பிள்ளைகள் மேல் விழும். திருகாணி இறுக்கின இடம், மூடி வளைகிற இடம், அங்கே எண்ணெய்க்கை படாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

சரி, கலவைகளுக்கு வருவோம். வெறும் பொலிஸ்டைரீன் கண்ணாடிபோலத் தெளிவு, ஆனால் நொறுங்கும். அதில் சின்ன அளவில் பொலிபியூட்டடையீன் ரப்பரைச் சேர்த்தால் அடி தாங்கும், தெளிவு போய் வெள்ளையாகிவிடும். யோகட் கப் அந்த வகை. ஆனால் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால் மஞ்சளாகி மறுபடியும் நொறுங்கத் தொடங்கும். எண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் கொஞ்சம் நிற்கவேண்டும் என்றால் அக்ரிலோநைட்ரைல் சேர்ப்பார்கள். ரப்பர் இல்லாமல் சேர்த்தால் அது சான் (SAN) என்கிற பிளாஸ்டிக், தெளிவான மிக்சி ஜார்களில் வரும். ரப்பரோடு சேர்ந்தால் ஏபிஎஸ் (ABS), ஹெல்மெட் ஓடு முதல் மோட்டார் சைக்கிள் கவர் வரை. அக்ரிலோநைட்ரைல் மூலக்கூறின் முனைவை (மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்கிற தன்மையை) கூட்டுவதால் கரைதிறன் எண் எண்ணெய், பெற்றோலின் எண்ணிலிருந்து விலகிப்போகிறது. முப்பரிமாண அச்சு செய்கிறவர்களுக்கு இது தெரியும்: ரப்பர் கலந்த பொலிஸ்டைரீனைத் தாங்கலாக அச்சிட்டு, பிறகு லிமோனீனில் போட்டால் தாங்கல் மட்டும் கரையும், ஏபிஎஸ் நிற்கும். அசிற்றோனில் போட்டால் ஏபிஎஸ்ஸும் போச்சு.

எனக்குப் பிடித்த கலவை பொலிபினிலீன் ஒக்சைட்டோடு சேர்ந்தது. இரண்டு பிளாஸ்டிக்குகள் மூலக்கூறு மட்டத்தில் முழுதாகக் கலப்பது மிக அபூர்வம், இந்த இரண்டும் எந்த விகிதத்திலும் கலக்கும். பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அளவில் இளகும், மற்றது 210 அளவில், கலவையின் இளகுநிலை விகிதத்தைப் பொறுத்து இடையில் எங்காவது நிற்கும். சுடுதண்ணீருக்கு அசையாது என்பதால் நீர்ப்பம்பிகளின் உள்பாகங்களில் வரும். அதையும் தின்னரால் துடைக்காதீர்கள்.

சாப்பாட்டுப் பெட்டி பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகள் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டன. பெரிய காரணம் குப்பை. ஆனால் சூடும் கொழுப்பும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் எஞ்சிய ஸ்டைரீன் (பொலிஸ்டைரீன் செய்கிற மூலப்பொருள்) உணவுக்குள் இறங்குவது அதிகமாகும் என்பதும் உண்மை, ஆகவே கொதிக்கிற இறைச்சிக் கறியை அதில் ஊற்றாமல் இருப்பதே நல்லது.

தம்பிக்குச் சொன்னது இதுதான். முதலில் தண்ணீரில் கலக்கிற எமல்ஷனோ பைண்டர் கம்மோ இரண்டு பூச்சு, விளிம்பும் ஓட்டையும் விடாமல், நன்றாகக் காயவிட்டுத்தான் ஸ்பிரே, அதுவும் தூர நின்று மெல்லிசாக. செருப்பு ஒட்டுகிற பசை வேண்டாம், அதிலும் தொலுயீன் இருக்கும். புதுப் பெயின்ட் எதுவானாலும் வெட்டின துண்டொன்றில் பூசி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். அப்புறம் மின்குமிழ் மாலைக்கு இழுக்கிற வயரையும் ரெஜிபோமில் நேரே பதிக்கவேண்டாம்: வயரின் பிவிசி உறையை மென்மையாக வைத்திருக்கிற எண்ணெய் மெதுவாக இறங்கி ரெஜிபோமில் பள்ளம் தோண்டும், உறையோ விறைத்துப்போகும். இடையில் ஒரு பொலித்தீன் தாள் போட்டால் போதும்.