ஏழாவது பாட்டு முடிந்தால் அரியாங்குப்பம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாண்டி பஸ் ஏறினால் என்ன பாட்டு கேட்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, டிரைவர்தான் செய்கிறார். டோக்கியோவில் வேலை பார்க்கும் சித்தி மகனிடம் இதைச் சொன்னால், "இங்க ரயில்ல போன் பேசினாலே திரும்பிப் பாப்பாங்க அண்ணே" என்கிறான். வாக்மேன் 1979-ல் ஜப்பானில் பிறந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அதே ஊரில் ஜாஸ் கிஸ்ஸா என்று பழைய காபிக் கடைகளும் இருக்கின்றன. வெளிநாட்டு இசைத்தட்டு யானை விலை விற்ற காலத்தில், ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு கடைக்காரர் போடுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். சில கடைகளில் பேசவே கூடாது. இவன் போன கடையில் பெரிய ஸ்பீக்கருக்கு எதிரே எட்டுப் பேர், கப்பை வைக்கிற சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

எனக்கு நம்ம ஊர் ரெக்கார்டிங் கடைதான் ஞாபகம் வந்தது. இங்கேயும் காசு இல்லாததுதானே காரணம்! பன்னிரண்டு பாட்டின் பேரை எழுதின கோடு போட்ட தாளையும் காலி கேசட்டையும் கொடுத்தால் மூன்று நாளில் கிடைக்கும், கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் நிற்கும், கேட்டால் "டேப் தீந்துடுச்சு தம்பி" என்பார். அந்தப் பாட்டை இன்றைக்குப் போனில் முழுசாகக் கேட்டாலும், அந்த இடம் வந்ததும் டக்கென்று நிற்கப்போகிறது என்றுதான் மனசு காத்திருக்கிறது.

பாண்டியில் நண்பன் வீடு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம், பாதிப் பேர் பாரிஸில். பிரான்ஸில் ஜாக் லாங் கலாச்சார அமைச்சராக இருந்தபோது, 1982-ல், ஜூன் 21-ஐ இசைத் திருநாளாக்கினார்கள். யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம், கேட்பவர்களுக்கு இலவசம். பாண்டியிலும் கொண்டாடுகிறார்கள். நண்பனின் அத்தை அதைப் பற்றிச் சொன்னது: "தெருவுல பாட்டு வைக்க அவங்களுக்கு மந்திரி சொல்லணும், நமக்கு ஆடி மாசம் வந்தா போதும்." இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்றுதான் சட்டம். எங்கள் தெரு அம்மனுக்கு அதை யாரும் சொல்லவில்லை போல, நாலரைக்கே குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி.

இந்தச் சத்தமெல்லாம் வேண்டாம் என்று போன மாதம் வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன், சொர்க்கம். வழக்கமாக நாலாவது பாட்டு ஓடும்போது கிருமாம்பாக்கம் வரும், ஏழாவது முடிந்தால் நான் இறங்க வேண்டிய அரியாங்குப்பம். கண்டக்டர் தோளைத் தட்டியபோது வண்டி முதலியார்பேட்டையில் நின்றது.