குவாத்தமாலா: கோழி பஸ்ஸும் கொஞ்சம் அரசியலும்

ஆன்டிகுவா நகரிலிருந்து, சந்தைக்குப் பேர்போன சிச்சிகஸ்தெனாங்கோ போக சுற்றுலா வேன்காரர் சொன்ன ரேட் என் பட்ஜெட்டுக்கு ஆகாது. சரி, உள்ளூர்க்காரர்கள் போகும் கோழி பஸ்ஸே போதும் என்று கிளம்பினேன். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பஸ், இங்கே பளபளக்கும் பெயின்ட்டும் இயேசு ஸ்டிக்கருமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. இரண்டு சிறுவர்கள் உட்காரும் சீட்டில் மூன்று பெரியவர்கள். வளைவுக்கு வளைவு என் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே.

கண்டக்டர் பையன் என்னிடம் மட்டும் இரட்டைக் கட்டணம் வாங்கினான். முன்சீட்டுப் பாட்டி அவனை ஓர் அதட்டு அதட்ட, மீதிப் பணம் கைக்கு வந்தது. அதட்டியது கிச்சேயிலா, கக்சிக்கேலிலா, எனக்குத் தெரியாது. மாயா மொழிகள் மட்டுமே இங்கு 22. 2018 கணக்கெடுப்பின்படி சுமார் 1.49 கோடி மக்களில் 43 சதவீதத்துக்கு மேல் பழங்குடியினர்.

நிலம்தான் அவர்கள் கையில் இல்லை. 1952-இல் அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ், தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து விவசாயிகளுக்குக் கொடுக்கச் சட்டம் போட்டார். அமெரிக்க வாழைப்பழ முதலாளி யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி வரிக்காகக் குறைத்துக் காட்டிய மதிப்பையே நஷ்டஈடாகத் தருகிறேன் என்றார். விசில் அடிக்கலாம்! 1954-இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. அப்புறம் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். செத்தவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் மாயா மக்கள்.

பஸ் போன அதே பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையை 2023 அக்டோபரில் பழங்குடி மக்கள் மறித்தார்கள். தேர்தலில் ஜெயித்த பெர்னார்தோ அரேவலோவுக்கு நாட்டின் தலைமை வழக்கறிஞரே முட்டுக்கட்டை போட்டதுதான் காரணம். 2024 ஜனவரியில் அரேவலோ அதிபராகப் பதவியேற்றுவிட்டார். இப்பேர்ப்பட்ட பழங்குடி மக்களைக் கலர் துணி கட்டிய போட்டோ சமாச்சாரமாகவே சுற்றுலா விளம்பரங்கள் காட்டுவது எரிச்சலாக இருக்கிறது.

செலவுக் கணக்கு சொல்ல வந்தேன், பெபியான் குறுக்கே வருகிறது. வறுத்த பூசணி விதை, எள், காய்ந்த மிளகாய் எல்லாம் அரைத்துவிட்ட கெட்டிக் குழம்பில் கோழி. தொட்டுக்கொள்ள அடுப்பிலிருந்து அப்படியே வரும் மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா. சந்தைக்குள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேன் காசு மிச்சமான தைரியத்தில் இரண்டாவது தட்டும் வாங்கினேன். கைத்தறி ரவிக்கையின் விலையைக் கேட்டதும் அந்தத் தைரியம் போய்விட்டது. மாதக்கணக்கில் நெய்ததாம், பேரம் பேச வாய் வரவில்லை.

சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டும். பஸ்ஸுக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தைப் பக்கத்து சீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆன்டிகுவாவில் காபி குடிக்காதீர்கள், விலை அநியாயம்.