ஒரு நாளுக்கு ஐந்து ஊர் போகாது: புதுக்கோட்டைப் பக்கம் போய்வந்த நாட்குறிப்பு

ஜனவரி 4, சனி

இரவு ஒன்பதரைக்குத் திருச்சி வந்து சேர்ந்தோம். அம்மா சாப்பிடாமலே படுத்துவிட்டார். இன்றைக்கு நான் போட்ட திட்டம் தப்பு. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

விராலிமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை. வரைபடத்தில் ஐந்தும் பக்கம் பக்கமாகத்தான் இருந்தன. காலை எட்டரைக்குக் கிளம்பினோம். விராலிமலையில் படி ஏறவில்லை, அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். கொடும்பாளூர் மூவர் கோயிலில் இருபது நிமிடம். குடுமியான்மலைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை, நடை சாத்தியாகிவிட்டது. சித்தன்னவாசலில் இரண்டு மணி வெயில், பாறை கொதித்தது. மூட்டு வலியோடு அந்தச் சூட்டில் ஏற முடியாது என்று அம்மா காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஓடிப்போய் ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அப்புறம் புதுக்கோட்டையில் சாப்பாடு. நார்த்தாமலை அடிவாரத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஊருங்க தம்பி. கார் ஜன்னல் வழியா பாக்கவா வந்தேன்?"

அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

சாப்பிட்டு முடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இருவரும் உட்கார்ந்தோம். இந்த முறை தூரத்தை முதலில் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று விஷயம் குறித்தோம்: எந்தத் திசை பார்த்திருக்கிறது, நடை எப்போது சாத்தும், எவ்வளவு ஏற வேண்டும்.

திசையை எழுதியதும் நேரம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில். அதற்கு நேர் எதிரே பாறையில் குடைந்த இரண்டு கோயில்களும் கிழக்குப் பார்த்தவை. காலையில் போனால் குடைவரைகளுக்குள் வெளிச்சம் விழும். சித்தன்னவாசல் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது, அதற்கு மாலைதான் சரி. கொடும்பாளூர் மூவர் கோயிலும் மேற்குப் பார்த்ததே. பூசை நடக்கிற கோயில் என்றால் மதியம் கிடையாது, அதனால் குடுமியான்மலை காலையில்தான். புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு நாளில் ஒரு மலைதான். மலை இல்லாத நாளில் வேண்டுமானால் இரண்டு ஊர். இரண்டு மலைநாட்களுக்கு நடுவில் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஜனவரி 18, சனி

நார்த்தாமலை மட்டும். பொங்கல் கூட்டம் வடிந்திருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்கெல்லாம் மேலமலை அடிவாரத்தில் இருந்தோம்.

படிக்கட்டு என்று ஒன்றும் இல்லை. அகலமான பாறைச் சரிவில் ஏறிப் போக வேண்டும். அம்மா கைத்தடி ஊன்றி, பத்தடிக்கு ஒரு முறை நின்று, நாற்பது நிமிடத்தில் மேலே வந்தார். பாறை இன்னும் குளிர்ந்தே இருந்தது. ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் உள்ள வித்தியாசம் காலில் தெரிந்தது.

மேலே போனதும் முதலில் குடைவரைகள். பெரியதைச் சமணர் குடகு என்கிறார்கள். உள்ளே அர்த்தமண்டபச் சுவரில் ஏறக்குறைய ஆள் உயரத்தில் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. பெயரில் சமணர், சுவரில் பெருமாள்! காலை வெயில் உள்ளே சாய்ந்து விழ, ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டே போனார் அம்மா. பக்கத்தில் சின்னதாகப் பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் முத்தரையர் குடும்பத்துச் சாத்தன் பழியிலி குடைவித்தது.

எதிரே சோழீச்சரம். வெளியே பார்த்தால் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சதுரச் சுவருக்கும் வட்டச் சுவருக்கும் நடுவே சுற்றிவர ஒரு நடை விட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அபூர்வமான அமைப்பு இது. சோழ அரசன் விஜயாலயன் பெயர் சொன்னாலும், கட்டியவர் பெயர் வேறு. வாயிற்காவலர் சிற்பத்தின் கீழே உள்ள கல்வெட்டு அதைச் சொல்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டிய கற்றளி, அதாவது கல் கோயில், மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான். அம்மா தரையில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். பெரிய அரசனின் பெயரால் கோயிலை அழைக்கும்போது, இடிந்ததை எடுத்துக் கட்டியவன் பெயர் வாசலோரத்தில் பதினோரு நூற்றாண்டாகக் காத்திருக்கிறது. போன முறையே இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்திருந்தாலும், கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு போயிருப்போமே தவிர, இந்தக் கல்வெட்டுப் பக்கம் திரும்பியிருக்க மாட்டோம்.

பத்தரைக்கு இறங்கத் தொடங்கினோம். இறங்கும்போது முட்டிக்கு வலி அதிகம், அதனால் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனதை ஊருக்குள் ஒரு மர நிழலில் சாப்பிட்டோம். நகரத்தார்மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது. நகரம் என்றால் வணிகர் கூட்டம், இது வணிகர்கள் பெருத்து வாழ்ந்த ஊர் என்று அம்மா சொல்லச் சொல்லச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு வீடு.

ஜனவரி 20, திங்கள்

அம்மாவுக்கு முட்டி வீக்கம் இல்லை. நேற்று முழுக்க ஓய்வு. தைலம் போதும் என்கிறார்.

பிப்ரவரி 1, சனி

குடுமியான்மலை காலையில், சித்தன்னவாசல் மாலையில். முதலாவதில் நாங்கள் மலை ஏறப்போவதில்லை என்பதால் இதை ஒரு மலைநாளாகவே அம்மா கணக்கு வைத்தார்.

ஏழரைக்குச் சிகாநாதசுவாமி கோயில். மண்டபத் தூண்களில் இருக்கும் சிற்பங்களுக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். ஆனால் நாங்கள் வந்தது பின்னால் உள்ள பாறைக்காக. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில் இசைக் கல்வெட்டு. வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் 38 வரிகள், ஏழு பகுதிகள். மத்தியம கிராமம், ஷட்ஜ கிராமம் என்று தொடங்கிக் கைசிகம் வரை ஏழு பண்களுக்கான சுரங்கள், நான்கு நான்காகச் சேர்த்து வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்கள் பயில்வதற்காக இதைச் செய்ததாகக் கடைசியில் வருகிறது. வடமொழிக்கு நடுவே "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று தமிழில் ஒரு குறிப்பு.

அம்மா இதை வகுப்பில் படமாகத்தான் காட்டியிருக்கிறார். இன்றைக்கு அதன் முன்னே நின்றபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பாடப்புத்தகத்தையே பாறையில வெட்டி வெச்சிருக்கான் பாரு" என்றார் அப்புறம்.

நடை சாத்தும் நேரம்வரை இருந்துவிட்டு அன்னவாசல் பக்கம் வந்து சாப்பிட்டு, புளியமரத்தடியில் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் கண் அசந்தோம். ஒரு நாள் பயணத்தில் இந்த மதியத் தூக்கத்துக்கு இடம் விடாமல் திட்டம் போடக்கூடாது. முழுநாளும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் நாலு மணிக்குக் கண் எதையும் வாங்காது.

மாலையில் அறிவர் கோயில். இந்த முறை அம்மாவும் படியேறினார். குடைவரை மண்டபத்தின் விதானத்தில் தாமரைக்குளம். பூவும் இலையும் மீனும் பறவையும் யானையும் எருமையும் நடுவே பூப்பறிக்கும் மூன்று பேரும். பாதிக்கு மேல் அழிந்துதான் இருக்கிறது. ஆனால் மாலை வெளிச்சம் தரையில் பட்டு மேலே எகிறும்போது பச்சை தெரிய ஆரம்பிக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவுடன் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் காத்திருந்தால், கண் பழகப் பழக ஒரு வாத்து வரும், பிறகு ஒரு தண்டு வரும், பிறகு அதைப் பிடித்திருக்கும் கை வரும். போன மாதம் நான் உள்ளே இருந்ததே மூன்று நிமிடம். முன்மண்டபத்துக்கு வெளியே மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தி கல்வெட்டாக இருக்கிறது. அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலம், அதாவது 9-ஆம் நூற்றாண்டு. ஆசிரியன் என்ற சொல்லை அம்மா இரண்டு முறை படித்தார்.

ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு நான் மட்டும் போனேன். மலை மேல் ஏறி மறுபுறம் கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். அந்த நேரம் அங்கே நிழல், பாறை சுடவில்லை. இயற்கையான குகைக்குள் சமண முனிவர்களுக்காக வெட்டி மெருகேற்றிய கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போல மேடு. பெரிய படுக்கை ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து. நேராகப் பார்த்தால் கீறல் மாதிரிதான் இருக்கும். டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்து எழுந்து நின்றது. எருமி நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடிக்கு, தென்கு சிறுபோசில் இளையர் செய்த அதிட்டானம் என்பது அதன் செய்தி. அதிட்டானம் என்றால் இருக்கை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வரி. தொடாமல் எட்டி உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக நோட்டில் வரைந்துகொண்டேன்.

கீழே வந்து அம்மாவிடம் கொடுத்தேன். திருச்சி வரும்வரை நோட்டு அவர் மடியிலேயே இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று இரண்டாவது சனி என்பதால் இன்றைக்கு வைத்துக்கொண்டோம். புதுக்கோட்டை ஊர். மலை இல்லாத நாள்.

திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம், 1910-இல் தொடங்கியது. பக்கத்திலேயே பிரகதாம்பாள் கோயில், அதற்குள்ளும் ஒரு குடைவரை. அருங்காட்சியகத்தில் அம்மன் காசைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பழைய ஞாபகம். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்று இருக்கும் சின்னஞ்சிறு செப்புக்காசு. தொண்டைமான் மன்னர்கள் நவராத்திரியில் அரிசியோடு இதையும் வழங்குவார்கள். அம்மாவின் பாட்டியிடம் சுருக்குப் பையில் இப்படி ஒன்று கிடந்ததாம். சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்த பிறகும் பாட்டி அதைத் தூக்கிப் போடவில்லையாம்.

மாலையில் ராஜ வீதிகளில் நடந்தோம். கோடு போட்டதுபோல நேர்நேரான தெருக்கள். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது ஊரைத் திருத்தி அமைத்தது. கோயிலையும் குகையையும் மட்டும் பார்த்துவிட்டு ஊரை விட்டுவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

பிப்ரவரி 15, சனி

கொடும்பாளூர். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். திருச்சி–மதுரைச் சாலையில் விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரம்தான்.

மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், தன் மனைவியர் வரகுணை, கற்றளி பெயரிலும் எடுத்த மூன்று கோயில்கள். இருக்குவேளிரின் வம்சாவளியைச் சொல்லும் கிரந்தக் கல்வெட்டு நடுக்கோயில் சுவரில் இருக்கிறது. மூன்றரை மணி வெயில் நேராக முகப்பில் விழுந்து கல்லெல்லாம் தேன் நிறம். எந்தப் பெண்ணின் கோயில் இடிந்துபோனது என்று அம்மா கேட்டபடி வெற்று அடித்தளத்தைச் சுற்றி வந்தார்.

பிறகு புல்லில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்: "கொடும்பை நெடுங்குளக் கோட்டகம் புக்கால்..." சிலப்பதிகாரம், காடுகாண் காதை. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிற இடம். கொடும்பாளூர் வந்ததும் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை வழி, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், இரண்டுக்கும் நடுவே ஒன்று. எந்த வழியில் என்ன மரம், என்ன ஆபத்து என்றுகூடச் சொல்கிறான்.

"நீ நோட்டுல எழுதினியே, அதைத்தான் அவன் பாட்டுல சொன்னான்" என்றார் அம்மா. தூரத்தில் நாற்கர சாலையில் லாரிகள் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆடு ஓட்டிவந்த ஒரு பெரியவரிடம் குளம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவர் கையைக் காட்டினார். "இம்புட்டுத் தூரம் நடப்பியளா ஆத்தா?" என்று அவர் கேட்க, நடப்பேன் என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார். கரையில் பொழுது விழும்வரை நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கி, அடுத்த பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்:

"பிப்ரவரி 22, சனி. திருமயம். காலையில் இரண்டு குடைவரைக் கோயில்கள். 1687-இல் கட்டிய கோட்டை மாலையில். தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர், தெருக்களையும் பார்க்க வேண்டும். மேலே பீரங்கி வரை ஏறுவேன். மார்ச் வெயிலுக்கு முன்."