கொடைக்கானல் ஓடையிலும் சண்முகநதியிலும் குளிக்கிற தண்ணீரைச் சோதிப்பது எப்படி

மலைத் தண்ணீர் தெளிவாக, சில்லென்று ஓடினால் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். மலக்கிருமி இருக்கிறதா என்பதைத் தெளிவும் குளிர்ச்சியும் காட்டிக்கொடுக்காது. பார்க்கப்போனால், நிழலில் ஓடும் குளிர்ந்த தண்ணீரில்தான் அந்தக் கிருமிகள் அதிக நாள் உயிரோடு இருக்கும். வெயில் பட்டால் சீக்கிரம் சாகும். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வெள்ளியருவியாக விழுகிறது. ஏரியைச் சுற்றி ஊர். பாறைமேல் மண் கனமில்லாத சரிவில் உறிஞ்சுகுழி தோண்டினால், கழிவுநீர் மண்ணில் வடிகட்டப்படாமல் பாறை இடுக்கு வழியே ஓடைக்கு வந்துவிடும்.

குளிக்கிற தண்ணீருக்கு மத்திய அரசு 2000-ம் ஆண்டில் அளவுகோல் அறிவித்தது. 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது. மல ஸ்ட்ரெப்டோகாக்கை என்ற இன்னொரு மலக்கிருமிக்கு இதே கணக்கு 100, 500. பி.எச். (அமில-காரத் தன்மை) 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

மலையில் ஏமாற்றுவது ஆக்சிஜன்தான். அருவி விழும்போதே காற்று கலந்துவிடுவதால், மேலே சாக்கடை கலந்திருந்தாலும் அருவியடியில் அளவு நன்றாகவே வரும். ஆக்சிஜன் அளக்கும் கருவியையும் உயரத்துக்கேற்பச் சரிசெய்ய வேண்டும்: சுமார் 2,100 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு, 15 டிகிரி தண்ணீரில் கரையக்கூடியதே 7.8 மில்லிகிராம் போலத்தான். சமவெளியில் அது 10. ஆகவே ஆக்சிஜனை மட்டும் பார்த்து 'குளிக்கலாம்' என்று யாரும் பலகை வைக்கக்கூடாது. முடிவைச் சொல்ல வேண்டியது கிருமி எண்ணிக்கை.

மாதிரி எடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிய) பாட்டிலை, குளிக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்தில், வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்து நிரப்ப வேண்டும். நாம் பாட்டிலுக்குக் கீழ்நீரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் காலால் கிளறிய சேறு உள்ளே போய் எண்ணிக்கையை ஏற்றிவிடும். குலுக்குவதற்காக மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். மலைப்பாதையில் இறங்கும் நேரத்தையும் இதற்குள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்து மாதிரி போதாது. படித்துறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால்தான் அழுக்கு மேலிருந்து வருகிறதா, குளிப்பவர்களாலா என்று தெரியும்.

ஆய்வகத்திடம் முன்பே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதிரித் தண்ணீரை 10, 1, 0.1 மில்லி என்று ஐந்தைந்து ஊட்டக்கரைசல் குழாயில் போட்டு, கிருமி வளர்ந்து வாயு வருகிற குழாய்களை வைத்துத்தான் எண்ணிக்கை போடுவார்கள். எல்லாக் குழாயும் வாயு காட்டிவிட்டால் '1600க்கு மேல்' என்றுதான் அறிக்கை வரும். அது 1700ஆ, 17,000மா? 2500ஐத் தாண்டியதா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது. கூட்ட நாள் மாதிரிக்கு 1, 0.1, 0.01 மில்லி போடச் சொல்லுங்கள். கிருமி இருந்தால் கருப்பாக மாறுகிற சோதனைக் குப்பி குடிநீருக்கு உதவும். திறந்த ஓடையில் அது அநேகமாக எப்போதுமே கருக்கும்.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனி சண்முகநதியில் கூட்டம் கூட்டமாகக் குளிக்கிறார்கள். முதல்கட்டச் சோதனைக்கு 48 மணி நேரம், 44.5 டிகிரியில் உறுதிசெய்ய இன்னொரு 24 மணி நேரம். அறிக்கை கைக்கு வரும்போது திருவிழாவே முடிந்திருக்கும். அதனால் பத்து நாள் முன்பே மாதிரி எடுக்கத் தொடங்கி, மேலிருந்து வரும் அழுக்கை அடைப்பதுதான் வழி. கழிப்பறைகள் கரையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். நதி வற்றி ஓடினால் ஷவர் குழாய் போட வேண்டும். ஆற்றில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவதால் பயனில்லை. சேறும் எண்ணெயும் சோப்பும் குளோரினைத் தின்றுவிடும், மீன்தான் சாகும்.

குளிக்கப் போகிறவர்கள் அறிக்கைக்குக் காத்திருக்க முடியாது. வறண்ட நாட்களுக்குப் பின் வரும் முதல் மழை சரிவிலுள்ள எல்லாவற்றையும் ஓடைக்குள் வழித்துக்கொண்டு வரும். கனமழை பெய்து இரண்டு நாளாவது இறங்க வேண்டாம். தண்ணீர் கலங்கியிருந்தால் அதற்குப் பிறகும் வேண்டாம், முக்கியமாகத் தண்ணீரை விழுங்கிவிடும் சின்னக் குழந்தைகளும், காலில் புண்ணோடு வருகிறவர்களும். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும்.