நிழலில் கடலை காய்க்குமா?

சென்னையிலிருந்து கிளம்பிப் போய் "மரம் நடுங்கள், மழை வரும்" என்று மைக்கில் பேசிவிட்டுத் திரும்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மதுராந்தகம் பக்கத்தில் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "வரப்பில் மரம் வைத்தால் நிழலில் கடலை காய்க்குமா தம்பி?"

சரியான கேள்வி. அடர்ந்த நிழலில் ஒழுங்காகக் காய்க்காது. அதனால்தான் வரப்புக்குக் கிளிரிசிடியா என்ற தழையுர மரத்தைச் சொல்கிறோம். முற்றிய போத்தை, அதாவது வெட்டியெடுத்த கிளைத் துண்டை, மழைக்காலத்தில் ஊன்றினாலே துளிர்த்துவிடும். விதைப்புக்கு முன் கிளைகளைக் கழித்துவிட்டால் பயிருக்கு வெயிலும் கிடைக்கும், மண்ணுக்குத் தழையுரமும் கிடைக்கும். கூடவே நாலு அகத்தி வைத்தால் ஆட்டுக்குத் தீவனம்.

வேடந்தாங்கல் மக்களுக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-இலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள்! அவர்களிடம் கற்றுக்கொள்ளவே நமக்கு நிறைய இருக்கிறது.

இலவசக் கன்று கொடுக்கும் நண்பர்களே, முதல் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் ஊராரோடு பேசி முடிவுசெய்துவிட்டுக் கொடுங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம் பகுதியில் கிளிரிசிடியா போத்து தரக்கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.